கன்ஃபர்மேஷன் கொடுக்காத நாலு பரீட்சைகள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 28 வயது. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். ஏழாம் கிளாஸ் வரை தமிழ் மீடியம், பிறகு மலையாளம். நாலாம் கிளாஸில் கணக்கு சார் மார்க்கைக் கடைசியிலிருந்து வாசிப்பார். முதலில் வருவது என் பேர்தான். எட்டாம் கிளாஸில் என் மலையாளத்தைக் கேட்டு பிள்ளைகளோடு மாஷும் (வாத்தியாரும்) சேர்ந்து சிரித்தார். அப்பா இன்றும் "உன்னால ஆகாதுடா" என்பார். பி.காம். முடித்து, எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) உட்பட, கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி.யின் நாலு பரீட்சைக்கு விண்ணப்பித்தேன். பரீட்சை எழுத வருவேன் என்று பி.எஸ்.சி. வெப்சைட்டில் நம் ப்ரொஃபைலுக்குள் போய் உறுதிசெய்வதுதான் கன்ஃபர்மேஷன். ஒன்றுக்கும் அதைக் கொடுக்கவில்லை. மாடல் பேப்பரில்கூடப் பாதிக் கேள்வியை விட்டுவிடுகிறேன். பேசாமல் ஐ.ஏ.எஸ். கோச்சிங் சேரலாமா என்றும் தோன்றுகிறது. ஐந்தாவது பரீட்சைக்குக் கன்ஃபர்மேஷன் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த மாதம் 11. இந்தப் பயம் போகுமா?

க., பாலக்காடு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

ஒன்பது வயதுப் பிள்ளையை வகுப்பு முன்னால் அப்படி வாசித்தது கொடுமை. அதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. ஆனால் அந்தப் பயம் இன்றுவரை உயிரோடு இருப்பதற்குக் காரணம் வேறு. கன்ஃபர்மேஷன் கொடுக்காமல் ப்ரொஃபைலை மூடினீர்களே, அந்த நொடியில் நெஞ்சு லேசாகியிருக்கும். தப்பித்தால் நிம்மதி என்று உடம்பு அப்போது கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமே ஓடச் சொல்கிறது. ஆகவே அப்பா மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஓடுகிற அந்த நொடியில்தான் வேலை இருக்கிறது.

ஐ.ஏ.எஸ். யோசனையை இப்போதைக்கு விடுங்கள். தோல்விக்கு மிகவும் அஞ்சுகிறவர்கள் ரொம்பச் சுலபமானதையோ எட்டவே முடியாததையோ பிடித்துக்கொள்வார்கள் என்று உளவியலாளர் ஜான் அட்கின்சன் 1957-இல் எழுதினார். எட்டாததில் தோற்றால் யாரும் குறை சொல்வதில்லை. எல்.டி. கிளார்க் பரீட்சை உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, பயமும் அதனால்தான்.

ஒரு நோட்டு வாங்குங்கள். பயப்படும் காரியங்களைச் சிறியதிலிருந்து எழுதி, பக்கத்தில் 0 முதல் 100 வரை பயத்துக்கு ஓர் எண் போடுங்கள். தனியாக 20 கேள்வி எழுதுவது 30 இருக்கலாம். மார்க்கை ஒரு நண்பனிடம் சொல்வது 45. சித்தூர் தாலுகா ஆபீஸில் தப்பு வந்தாலும் நிறுத்தாமல் மலையாளத்திலேயே ஒரு சந்தேகம் கேட்டு முடிப்பது 55. நாலு பேரோடு உட்கார்ந்து முழு மாடல் டெஸ்ட் எழுதுவது 70. முப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரே வரியில் எழுதுங்கள்: "அவன் சிரிப்பான்." முடித்ததும் நடந்ததைக் கீழே எழுதுங்கள். இந்த இரண்டு வரிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் மருந்து. "பயப்படாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் ஒன்றும் ஆகாது. ஒரே படியை மூன்று நாலு தடவை, வேறு வேறு ஆளிடம், வேறு வேறு இடத்தில் செய்யுங்கள்.

இது கெட்டுப்போகும் இடம் இரண்டு. பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் எழுந்து போனால் அதுவும் ஓட்டம்தான், பயம் கூடும். இன்னொன்று, "நான் படிக்கவே இல்லடா" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. அப்படிச் சொல்லிவிட்டு எழுதினால், தோற்றாலும் ஜெயித்தாலும் மனசு எதையும் கற்றுக்கொள்ளாது.

விட்டுவிடும் கேள்விகளுக்கு வருகிறேன். சரியான விடைக்கு 1 மார்க், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். நாலு விடையில் ஒன்றும் தெரியாமல் குத்தினால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தள்ள முடிந்தால் சராசரியாக அப்படி மூன்று கேள்வியில் ஒன்று சரி, இரண்டு தப்பு. மூன்றில் ஒரு பங்கு மார்க் மிஞ்சும். இரண்டைத் தள்ள முடிந்தால் இரண்டு கேள்வியில் ஒன்று சரி, ஒன்று தப்பு. மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். இரண்டைத் தள்ளிய கேள்விகள் 18 இருந்து அத்தனையையும் பயந்து விட்டால், சராசரியாக 6 மார்க்கை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். ரேங்க் லிஸ்டில் 6 மார்க் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அதனால் ஒரு விடையையாவது தள்ள முடிந்த கேள்வியை விடக் கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். வாரம் ஒரு மாடல் பேப்பர் போதும். தப்பானவற்றைத் தெரியாதது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காதது, ஊகித்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். படித்துச் சரிசெய்ய வேண்டியது முதல் வகை மட்டும்தான் என்பது நாலைந்து வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்.

அந்த நாலாம் கிளாஸை எழுதிப் பார்ப்பதும் உதவும். நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், யாருக்கும் காட்டாமல். என்ன சொன்னார்கள், அன்று நீங்கள் உங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசி நாள், உங்கள் தெருவில் ஒரு ஒன்பது வயதுப் பையனுக்கு இது நடந்திருந்தால் அவனிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். எழுதியவுடன் மனசு கொஞ்ச நேரம் கனக்கும், அதனால் ராத்திரி தூங்கப்போகும் முன் வேண்டாம். தூக்கம் கெட்டாலோ, உயிர்மேல் வெறுப்பு வந்தாலோ நிறுத்திவிட்டு 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

கன்ஃபர்மேஷனுக்கு 11-ஆம் தேதி வரை இழுக்க வேண்டாம். லிங்க் திறக்கும் முதல் நாள் காலை, டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் போனை எடுங்கள். பயம் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள், பட்டனை அழுத்துங்கள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி எத்தனை என்று எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணையும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா