முக்கால் குறியாக மாறிய 'த'

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நான் பிறந்த தோட்டம் இப்போது இல்லை. 2000ஆம் ஆண்டில், வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்வதற்கு முன்பு, அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பெயர்களை என் அண்ணன் கணினியில் தட்டச்சு செய்து ஃபிளாப்பியில் வைத்தார். அவர் காலமாகிவிட்டார். பேரன் அதை விரலிக்கு (பென் டிரைவ்) மாற்றித் தந்தான். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள், எங்கு பார்த்தாலும் முக்கால் குறி (¾). எல்லாம் அழிந்துவிட்டதா? கணினி எழுத்தை எழுத்தாகத்தானே வைத்திருக்க வேண்டும்?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் அழியவில்லை. நீங்கள் குறிப்பிட்ட அந்த முக்கால் குறியை வைத்தே இதைச் சொல்கிறேன்.

கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு நிலைகள்தாம். ஃபிளாப்பியில் அவை காந்தத் திசையின் மாற்றங்களாகவும் விரலியில் அடைபட்ட மின்னூட்டமாகவும் இருக்கின்றன. எட்டு வீடுகள் உள்ள ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. விளக்கெரியும் வீடுகளை மட்டும் கூட்ட வேண்டும். இரண்டாம் வீடும் கடைசி வீடும் இருட்டு, மற்ற ஆறிலும் வெளிச்சம் என்றால் அது 10111110, அதாவது 190. இந்த எட்டும் சேர்ந்தது ஒரு பைட். அதில் 0 முதல் 255 வரை எந்த எண்ணையும் குறிக்கலாம்.

190 எந்த எழுத்து என்பது அந்த எண்ணுக்குள் இல்லை, வெளியே ஒரு பட்டியலில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியலில் 190 முக்கால் குறி. திஸ்கி என்ற தமிழ்ப் பட்டியலில் அதே 190 'த'. உங்கள் அண்ணன் 'த' என்று அடித்தார், ஃபிளாப்பி 190ஐ வைத்துக்கொண்டது, பேரனின் கணினி வேறு பட்டியலைப் பார்த்துப் படிக்கிறது. 'த' அடிக்கடி வரும் எழுத்து. ஆகவே உங்கள் கோப்பு திஸ்கியில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏன் இத்தனை பட்டியல்கள்? 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தில் நம் 247 எழுத்துகள் அடங்கா. கொம்பு, கால் என்று துண்டாக்கி அடுக்கினார்கள், அதையும் எழுத்துருவுக்கு ஒரு விதமாக. பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி வகுத்தது திஸ்கி. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றவை டாம், டாப் என்ற வேறு இரண்டு. அந்த ஆண்டுகளின் பள்ளி மலர்களும் கோவில் கணக்குகளும் இப்படிப் பூட்டிக் கிடப்பது எனக்கு ஆறாத வருத்தம். இன்று உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான பட்டியல் யூனிகோடு. அதில் 'த'வுக்கு 2980 என்ற எண் உண்டு. அந்த எண் வேறு எந்த எழுத்துக்கும் போகாது. ஒரு பைட்டில் 2980 அடங்காது என்பதால் இன்று வழக்கமாக மூன்று பைட் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

முதலில் கோப்பைப் படியெடுத்து மூலத்தைத் தனியே வையுங்கள். இப்போது தெரிகிற உருவத்திலேயே சேமித்துவிடாதீர்கள், சில பைட்டுகள் அப்போதுதான் உண்மையிலேயே தொலையும். பிறகு படியை, திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயலி ஒன்றில் இடுங்கள். எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. திஸ்கியில் 'கொ' கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று எண்கள். யூனிகோடில் 'க' முதலில், ஒகரக் குறி பின்னால். நல்ல செயலி இந்த வரிசையையும் திருத்தும். வந்த பெயர்களைத் தோட்டத்தில் உங்களோடு வளர்ந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். 'கொ', 'கோ' வரும் பெயர்களைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

அண்ணனின் மற்ற ஃபிளாப்பிகள் இருந்தால் இந்த மாதமே படியெடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். திஸ்கியில் வாசிக்க வரவில்லையென்றால் மூலக் கோப்பை அப்படியே எனக்கு அனுப்புங்கள், எந்தப் பட்டியல் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.