பெட்டியில் கோளாறில்லை, முகவரிதான் பழசு

அண்ணாச்சி, முதலில் அந்த ரீசெட் பட்டனிலிருந்து கையை எடுங்கள். பாளையங்கோட்டை வீட்டில் புது ஃபைபர் இணைப்புக்கு மாறியதிலிருந்து நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் பெட்டி) லேப்டாப்பில் தெரியவில்லை, பச்சை விளக்கு மட்டும் எரிகிறது என்கிறீர்கள். விடை நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. லேப்டாப்பின் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, 192.168.29.14; நாஸுக்கு நீங்கள் முன்பு நிலையாகக் கொடுத்தது 192.168.1.50. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: ஒன்றில் 29, மற்றதில் 1. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். வீடு ஜங்ஷனுக்கு மாறிய பிறகும் பேட்டையில் போய்க் கதவைத் தட்டுகிற கதைதான்.

நாஸையும் லேப்டாப்பையும் லேன் கேபிளால் நேராக இணையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பின் ஈதர்நெட் ஐபியை 192.168.1.60, சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்று கையால் போடுங்கள். கேட்வே காலியாக இருக்கட்டும். பிரவுசரில் 192.168.1.50 அடித்தால் லாகின் பக்கம் வரும். அங்கே நெட்வொர்க்கை டிஎச்சிபிக்கு (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறை) மாற்றிச் சேமியுங்கள். பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். முகவரி மாறுகிறது, பயப்படாதீர்கள். அப்புறம் லேப்டாப்பையும் தானியங்கிக்குத் திருப்பிவிடுங்கள். இதை மறந்துவிட்டு, அம்பாசமுத்திரத்தில் நான் ஒரு ராத்திரி முழுக்க ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை ரவுட்டரில் செருகி, அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்தாலும் மாறாது.

பிரவுசரில் திறந்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் வராவிட்டால் அது வேறு சங்கதி. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் நுழைவை விடாது. நாஸில் கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உருவாக்குங்கள். எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டும் திரும்ப இயக்காதீர்கள்; 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.