ஒரே நிரல், இரண்டு போன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஃப்ளட்டரில் (ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுதும் கருவி) ஒரு செயலி எழுதுகிறோம். டீபக்கில், அதாவது சோதனை வடிவில், ஓட்டினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் நன்றாக ஓடுகிறது. பயனருக்குக் கொடுக்கும் ரிலீஸ் ஏபிகே கோப்பை எடுத்து ஆண்ட்ராய்டு போனில் போட்டால் மட்டும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, தகவல் வருவதில்லை. லாக்கில் 'ஃபெயில்ட் ஹோஸ்ட் லுக்கப்' (சர்வர் பெயரைத் தேடியும் முகவரி கிடைக்கவில்லை) என்று வருகிறது. சர்வரில் கோளாறு என்கிறார் ஒருவர், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு என்கிறார் மற்றவர். யார் சொல்வது சரி, அக்கா?

பதில்: இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். முதலில் சர்வரை வழக்கிலிருந்து விடுவித்துவிடலாம். அதே போனின் பிரவுசரில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள். திறந்துகொண்டால் சர்வரும் டிஎன்எஸ்ஸும் நலம். கோளாறு உங்கள் செயலிக்குள் இருக்கிறது.

இப்போது ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் போங்கள். அங்கே மெயின், டீபக், ப்ரொஃபைல் என்று மூன்று இடங்களில் மேனிஃபெஸ்ட் கோப்பு (செயலிக்கு வேண்டிய அனுமதிகளை எழுதிவைக்கும் இடம்) இருக்கும். ஃப்ளட்டர் புதிய திட்டத்தை உருவாக்கும்போது இன்டர்நெட் பெர்மிஷனை டீபக்கிலும் ப்ரொஃபைலிலும் மட்டுமே எழுதித் தருகிறது. ஹாட் ரீலோட் (நிரலில் செய்த மாற்றம் ஓடும் செயலியிலேயே உடனே தெரிவது) நடக்க செயலியும் உங்கள் கணினியும் பேசிக்கொள்ள வேண்டுமே, அதற்காக. ரிலீஸுக்குப் போவது மெயினில் உள்ளது மட்டும். அங்கே அந்த ஒரு வரி இல்லையென்றால் செயலிக்கு இணையம் கிடையாது. ஐபோனில் இப்படித் தனி அனுமதி கேட்கும் வழக்கம் இல்லாததால் அங்கே இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது.

அனுமதி இல்லாத செயலி பெயரைத் தேடப் போனால், 'உனக்கு அனுமதி இல்லை' என்று சிஸ்டம் தெளிவாகச் சொல்வதில்லை. 'அந்தப் பெயரில் முகவரி எதுவும் இல்லை' என்றுதான் பதில் வருகிறது. அதைப் படித்த உங்கள் நண்பர் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது, அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லாக்கில் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்திருந்தால் கதையே வேறு. இணையம் இருக்கிறது, போன இடத்தில் கேட்க ஆள் இல்லை என்று பொருள். பெரும்பாலும் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் ('இதே கருவி' என்று பொருள்) என்று விட்டிருப்பார்கள். கணினிக்குள் ஓடும் போலி ஐபோனான சிமுலேட்டர் மேக்கின் நெட்வொர்க்கையே பயன்படுத்துவதால் அங்கே அது ஓடிவிடும். அதேபோன்ற ஆண்ட்ராய்டு எமுலேட்டருக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் எமுலேட்டர்தான். உங்கள் கணினியைத் தொட 10.0.2.2 என்று கொடுக்க வேண்டும். உண்மையான போன் என்றால் இரண்டுமே உதவாது, வைஃபையில் கணினிக்கு இருக்கும் ஐபி எண் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டம் ஏன் சுற்றிக்கொண்டே இருந்தது? எர்ரரை கேட்ச் செய்துவிட்டுத் திரையில் எதையும் காட்டாமல் விட்டிருக்கிறீர்கள். பயனர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார். அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

கேள்வி: நண்பர் கணினியில் பில்ட் (நிரலைச் செயலியாக்குவது) ஆகும் அதே திட்டம் என் கணினியில் ஆகவில்லை. 'பில்ட் ஃபெயில்ட்' என்ற வரியைப் படம் பிடித்து எங்கள் குழுவில் போட்டேன். ஒருவர் 'ஃப்ளட்டர் க்ளீன்' கொடு என்றார், ஒருவர் ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடிலின் கேச்சை அழி என்றார், இன்னொருவர் எல்லாவற்றையும் அப்டேட் செய் என்றார். எல்லாம் செய்தேன். இப்போது வேறு எர்ரர் வருகிறது.

பதில்: முதலில் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பழைய நிலைக்குத் திரும்புங்கள். மூன்று மருந்தை ஒன்றாக விழுங்கினால் எது கேட்டது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் பிறகு ஒரு பில்ட். உதவாத மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

'பில்ட் ஃபெயில்ட்' என்ற வரியில் விஷயம் எதுவும் இல்லை. 'வாட் வென்ட் ராங்' என்ற தலைப்பின் கீழே வருவதுதான் வேண்டும். அதையும் படமாக அல்ல, எழுத்தாக ஒட்டுங்கள். படத்திலிருந்து காப்பி செய்து தேடுவது சிரமம்.

நண்பர் கணினியில் மட்டும் ஓடுகிறது என்றால் எனக்கு முதலில் ஜாவா மேல்தான் சந்தேகம் போகும். ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளக்இன் 8.0-க்கு ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) 17 வேண்டும். 11 வைத்திருப்பவருக்கு நிரலில் ஒரு எழுத்து பிழை இல்லாவிட்டாலும் பில்ட் ஆகாது. இருவரும் நிறுவலைச் சோதிக்கும் 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளையை மைனஸ் வி (-v) சேர்த்து ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஜாவா, எந்தப் பாதையில் இருக்கிறது என்பது உட்பட எல்லாம் அதில் இருக்கும். பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் பப்ஸ்பெக் லாக் கோப்பு கிட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஆளுக்கொரு பதிப்பில் பேக்கேஜ்கள் இறங்கியிருக்கும்.

பதில் சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'எனக்கு ஓடுகிறதே' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பதிப்புகளில் ஓடுகிறது என்று சேர்த்து எழுதினால் அதே வரி பெரிய உதவி. இரவு முழுக்க ஒரு எர்ரரோடு தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: பெயர் 10 எழுத்தைத் தாண்டினால் வெட்டிவிட்டுப் புள்ளிகள் வைக்கிறோம். ஆங்கிலப் பெயர்கள் சரியாக வருகின்றன. 'செந்தமிழ்ச்செல்வி' என்பது 'செந்தமிழ்ச' என்று நிற்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இதே கதை.

பதில்: இரண்டிலும் ஒரே மாதிரி வருகிறதென்றால் நல்ல செய்தி, கோளாறு உங்கள் நிரலில்தான், தேடுவது சுலபம். அந்தப் பெயரை நீங்களே எண்ணுங்கள்: 9 எழுத்து. வெட்டவே தேவையில்லை! ஆனால் ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் லெங்த் (நீளம்) கேட்டால் 17 என்று வரும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் ச், செ, வி ஒவ்வொன்றும் இரண்டு குறிகள். மெய்க்குப் புள்ளி தனி, உயிர்மெய்க்குத் துணைக்குறி தனி. பத்தாவது குறியில் கத்தி விழுந்ததால் 'ச்' தன் புள்ளியை இழந்தது. டார்ட் குழுவே தரும் கேரக்டர்ஸ் பேக்கேஜைச் சேர்த்து அதன் வழியாக எண்ணுங்கள், வெட்டுங்கள். பின்னோக்கி அழிக்கும் பொத்தானை நீங்களே எழுதியிருந்தால் அங்கேயும் இதே கவனம் வேண்டும்.

அப்புறம் தேடலையும் சோதியுங்கள். 'கொ' என்பதை ஒற்றைத் துணைக்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (யூனிகோடின் ஒரே சீரான) வடிவுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. தன் பெயரைச் சரியாக உள்ளிட்டும் 'அப்படி யாரும் இல்லை' என்று பயனருக்குப் பதில் வரக் கூடாது.

கேள்வி: கேமரா பொத்தானை அழுத்தியதும் ஐபோனில் செயலி மூடிக்கொள்கிறது. ஆண்ட்ராய்டில் சரி.

பதில்: ஐபோன் செயலியின் விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபோ பிலிஸ்ட் கோப்பில் கேமரா எதற்கு என்று விளக்கும் வரி இல்லை. ஐஓஎஸ் 10 முதல் அது கட்டாயம், இல்லையென்றால் சிஸ்டமே செயலியை நிறுத்திவிடும். 'கேமரா தேவை' என்று ஒப்புக்கு எழுதாமல், எதைப் படமெடுக்க, ஏன் என்று எழுதுங்கள். சோதிப்பதை உண்மையான ஐபோனில் செய்யுங்கள், சிமுலேட்டரில் கேமரா கிடையாது.