த்ரொட்டில் பொடியை மாற்றச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வரும் வழியில் காரின் இழுவை திடீரென விழுந்துவிடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் ஏறுவதில்லை, செக் எஞ்சின் லைட் எரிகிறது. நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் சரி, இரண்டு நாளில் மறுபடி அதே கதை. கராச்சில் ஸ்கான் பண்ணினார்கள், பி2138 என்ற பிழைக் கோட் வந்தது. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டில் பொடி போய்விட்டதாம். ரீகண்டிஷன் ஒன்று வாங்கட்டா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கோட் த்ரொட்டில் பொடியைப் பற்றியதே அல்ல. இந்தக் கோட் வரும் கார்களில் அக்சிலேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சர்கள் இருக்கின்றன. எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை இரண்டும் தனித்தனியே கம்பியூட்டருக்குச் சொல்லும். கம்பியூட்டர் த்ரொட்டில் பொடியிலுள்ள சின்ன மோட்டரை இயக்கிக் காற்று போகும் வழியிலுள்ள தட்டைத் திறக்கும். தட்டு எங்கே நிற்கிறது என்று சொல்ல அங்கேயும் இரண்டு சென்சர்கள். ஒரு சோடி தமக்குள் ஒத்துப்போகாவிட்டால் கம்பியூட்டர் இரண்டையும் நம்பாமல் இழுவையைக் குறைத்துவிடும். பி2138 பெடல் சோடி முரண்படுவதைச் சொல்கிறது, பி2135 த்ரொட்டில் பொடிச் சோடியை. உங்களுக்கு வந்தது முதலாவது. த்ரொட்டில் பொடியை மாற்றினாலும் கோட் அப்படியே திரும்பி வரும்.

அதற்காகப் பெடலையும் உடனே வாங்க வேண்டாம். விட்டுவிட்டு வரும் பிழை என்பதால் வயரையும் சொக்கெற்றையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெடலுக்கு மேலே உள்ள சொக்கெற்றைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சொக்கெற்றின் உலோகப் பின்களில் ஒன்று பச்சை பூத்திருக்கிறதா, உள்ளே தள்ளுப்பட்டிருக்கிறதா? பிறகு அங்கிருந்து கம்பியூட்டர் வரை போகும் வயர்கட்டு முழுவதையும் தடவிப் பாருங்கள். வயலோரம், நெல் மூட்டை அடுக்கிய கொட்டில் பக்கம் நிற்பாட்டும் வாகனங்களில் எலி வயரைக் கடித்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. மேல் உறை மட்டும் கிழிந்து செம்பு தெரியும். வெயிலில் ஒன்றும் செய்யாது, ஈரம் பட்டதும் பிழை காட்டும்.

அடுத்தது அளவு. சொக்கெற்றை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் நிலைக்குத் திருப்பி, மல்ரிமீற்றரால் சொக்கெற்றின் பின்பக்கமாகத் தொட்டு அளக்க வேண்டும். சென்சருக்கு வரும் மின் 4.5க்கும் 5.5 வோல்ற்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். டொயோட்டா வாகனங்கள் பலவற்றில் பெடலை விட்ட நிலையில் முதல் சென்சர் 0.5 முதல் 1.1 வோல்ற் வரை காட்டும், இரண்டாவது சுமார் 1.2 முதல் 2.0 வரை. மற்றக் கம்பெனிகளுக்கு அளவு வேறு, உங்கள் மொடலின் கணக்கை மெக்கானிக்கிடம் கேளுங்கள். அளவைவிட முக்கியமானது அசைவு. பெடலை மிக மெதுவாக, ஐந்து விநாடி எடுத்து அழுத்துங்கள். இரண்டும் சீராக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் ஒன்று மட்டும் குதித்தாலோ விழுந்தாலோ பெடல் சென்சர் தேய்ந்துவிட்டது, அப்போது பெடல் தொகுதியை மாற்றலாம். பெடலைத் தொடாமல் வயரை ஆட்டும்போது குதித்தால் வயரில் பிழை, ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. ஸ்கானரில் லைவ் டேட்டா (அப்போதைக்கப்போது ஓடும் அளவுகள்) பார்த்தாலும் இதே சோதனையைச் செய்யலாம்.

பற்றரியையும் ஒருமுறை பாருங்கள். இரவு முழுக்க நின்றபின் 12.2 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். மின் சோர்ந்தால் இல்லாத கோட்டெல்லாம் வரும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிழை தீரும்வரை ஏ9 றோட்டில் லொறியை ஓவர்டேக் பண்ணாதீர்கள். எதிரே பஸ் வரும் நேரத்தில் இழுவை விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கிறவல் றோட்டில் ஓடும் வான். த்ரொட்டில் பொடியைக் கழுவிய பிறகு ஐடில் (பெடல் மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஏறி நிற்கிறது. கெடுத்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. எஞ்சினிலிருந்து வரும் ஒயில் ஆவியும் புழுதியும் சேர்ந்து தட்டின் விளிம்பில் கரியாகப் படியும். அந்தக் கரி மறைத்த காற்றைக் கணக்கிட்டுத் தட்டைக் கொஞ்சம் கூடத் திறந்து வைக்கக் கம்பியூட்டர் பழகியிருந்தது. கரி போனபின் அதே திறப்பில் காற்று அதிகமாகப் போகிறது. திரும்பப் பழக்க வேண்டும். பல நிசான் வாகனங்களில் பெடலைத் தொடாமல் சாவியை ஒன் செய்து, ஓஃப் செய்து, குறைந்தது 10 விநாடி விட வேண்டும். தட்டு அசையும் 'கிர்ர்' என்ற சத்தம் கேட்கும். சிலவற்றை ஸ்கானரால்தான் பழக்க முடியும். அதன் பிறகும் ஐடில் இறங்காவிட்டால், கழற்றிப் பூட்டிய இடத்தில் கஸ்கெற்றோ காற்றுக் குழாயோ இறுகாமல் இருக்கும்.

அடுத்தமுறை கழுவும்போது கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். உள்ளே பீச்சி அடித்தால் அது மோட்டர், சென்சர் பக்கம் இறங்கிவிடும். சாவி ஒன்னில் இருக்கும்போது தட்டுக்குள் விரல் வைக்கவே கூடாது.

கேள்வி: உண்மையிலேயே பழுது என்றால், ரீகண்டிஷன் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போங்கள். மேலே பொறித்த பாகம் இலக்கம், சொக்கெற் வடிவம், பின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். தட்டை விரலால் மெல்லத் தள்ளி விட்டால் இழுபறி இல்லாமல் தானே திரும்பி வர வேண்டும். அச்சில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். பில்லில் பாகம் இலக்கத்தையும், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். வாக்கு மாறினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், பில்லின் பிரதியோடு.