கிணறு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம்

கேள்வி: ஐயா, சென்னை – பெங்களூரு விரைவுச்சாலை எங்கள் நிலத்தின் நடுவே போகிறது. கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம். வேலூர் வழியாக இருக்கிற சாலையையே அகலப்படுத்தியிருக்கக் கூடாதா? இனி நாங்கள் எப்படிக் கடப்பது?
– ஒரு விவசாயி, ராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: பழைய சாலையை ஒட்டிக் கடையும் வீடுமாக நெருக்கியடித்து நிற்கின்றன. அகலப்படுத்தினாலும் சந்துக்குச் சந்து வண்டி வந்து ஏறும். 120 கி.மீ. வேகத்துக்குப் போடும் சாலையில் அது ஆகாது. அதனால்தான் ஹொஸ்கோட்டேயிலிருந்து சித்தூர் பக்கமாக ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கி.மீ.க்குப் புதுக்கோடு. குறிப்பிட்ட சந்திப்புகளில்தான் ஏறலாம், இறங்கலாம். மற்ற இடமெல்லாம் வேலி.

உங்கள் தலைவலியே அந்த வேலிதான். நான் முப்பது வருடம் சர்வேயராக இருந்தவன். என் சித்தப்பா நிலத்தை ஒரு புறவழிச்சாலை இப்படித்தான் அறுத்துக்கொண்டு போனது. ஆட்சேபம் சொல்ல இருந்த 21 நாளும் சென்ட்டுக்கு எவ்வளவு என்றே பேசிக்கொண்டிருந்தோம். சுரங்கப்பாதை எங்கே வரும் என்று நான்கூடக் கேட்கவில்லை. அது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வந்தது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அதில் நுழையாது. ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் வேறு.

உங்கள் இடத்தில் இன்னும் மண்மேடு எழும்பவில்லை என்றால், கிணற்றுத் தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் குழாய் பதித்துத் தரச் சொல்லி, புலப்படத்தில் கிணற்றையும் வயலையும் குறித்து, திட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். மேடு எழும்பிய பிறகு தோண்ட விடமாட்டார்கள்.

அப்புறம், நிலத்தின் விலை வேறு, நிலம் துண்டானதால் வரும் நஷ்டம் வேறு. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 3ஜி பிரிவில், இரண்டையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இழப்பீட்டு உத்தரவில் இரண்டாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் காலம் கடத்தாமல் நடுவரிடம் போங்கள். நம் பக்கம் பெரும்பாலும் ஆட்சியர்தான் நடுவர்.

கேள்வி: அந்தச் சாலையில் பைக்கில் போகலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: முடியாது. ஆட்டோவுக்கும் இதே கதிதான். 2002-இல் முழுதாகத் திறந்த மும்பை – புனே விரைவுச்சாலையிலும் பைக்குக்கு இடமில்லை. போகிற வழியில் ஆம்பூர் பிரியாணிக்கு நிறுத்தும் பழக்கம் இருந்தால் காரில் போனாலும் பழைய சாலைதான். புதியது ஆம்பூர்ப் பக்கமே வருவதில்லை.