லாவோஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே இனமா? மலையில் வாழ்பவர்கள் இன்னும் காட்டுவாசிகள்தானா?

ஒரே இனம் இல்லை. லாவோஸ் அரசு 50 இனங்களை அங்கீகரித்திருக்கிறது. ஐம்பதாவதாக புரூ மக்களைச் சேர்த்தது 2018இல்தான். 2015 கணக்கெடுப்பின்படி லாவோ இனத்தவர் சுமார் 53 சதவீதம், க்மூ 11, ஹ்மோங் 9. லாவோக்கள் பெரும்பாலும் பௌத்தர்கள், ஆற்றுச் சமவெளியில் வயல் நெல் போடுகிறவர்கள்.

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. அங்கே போகாமலே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வடக்கே உடோம்சாய் பக்கம் டவர் லைன் வேலையில் இருந்தேன். எங்கள் வண்டி ஓட்டியவர் மலைவாழ் க்மூ இனத்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அங்குள்ள வழக்கப்படி ‘ஆய்’, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விதைப்புச் சமயத்தில் தன் ஊருக்கு அழைத்துப் போனார். முதல் மழை பெய்திருந்தது. ஏர் நிற்காத சரிவு. ஆண்கள் நீளக் கம்பால் குழி குத்திக்கொண்டே மேலே ஏற, பின்னால் பெண்கள் குழிக்குச் சில நெல்மணிகளாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊரே இறங்கியிருந்தது. இன்று இவர் காடு, நாளை அடுத்தவர் காடு. கூலி என்ற பேச்சே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் மண் ஜாடி வந்தது. உமியோடு சேர்த்துப் புளிக்க வைத்த ஒட்டரிசி மது. குழாய்களைச் செருகி உறிஞ்ச வேண்டும். குறையக் குறையத் தண்ணீர் ஊற்றுவார்கள். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, குழாயில் உதட்டை வைத்தேன். அந்த மரியாதை அவர்களுக்குப் போதும். அவருடைய அம்மா என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி ஏதோ முணுமுணுத்தார். சமவெளி லாவோக்களும் ‘பாசி’ என்ற சடங்கில் இப்படி நூல் கட்டுவார்கள். உடம்பில் 32 உயிர்ச்சக்திகள் உண்டு, அவை விலகிப் போகக்கூடாது என்று.

காட்டை எரிக்கிறார்களே என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்கு: ஆமாம், எரிக்கிறார்கள். வெட்டி, காயவிட்டு, மழைக்கு முன் எரித்து, ஒன்றிரண்டு போகம் எடுத்துவிட்டுப் பல வருடம் தரிசாக விடுவார்கள். காடு திரும்ப எழும். மலை ஊர்களைச் சாலையோரம் இறக்கியது அரசு. ரப்பர் தோட்டங்களும் வந்தன. நிலம் சுருங்கியது, தரிசுக் காலமும் சுருங்கியது. அந்தப் பழியை இவர்கள் தலையில் போடுவது அநியாயம். சங்கப் பாட்டில் தினைப்புனம் என்று படித்து உருகுகிறோமே, அதுவும் காட்டைச் சுட்டு விதைத்த கொல்லைதான். எல்லோரும் அப்படியே வாழ்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஆய் லாரி ஓட்டத் தெரிந்தவர், பிள்ளைகள் டவுனில் படித்தார்கள்.

எங்கள் சைட்டில் நம்மூர்க்காரர்கள் சிலரே அவர்களைச் சோம்பேறிகள் என்பார்கள். அவர்கள் கூலியை மாதக்கணக்கில் இழுத்தடித்த சப்-காண்ட்ராக்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கடைசி மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை, அனுப்பிவைத்த ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ஒப்பந்த நகல் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும்.

நேரில் போவதானால் லுவாங் பிரபாங்கில் பாரம்பரியக் கலைகளுக்கும் இனவியலுக்குமாக ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் என்றால் ஹ்மோங் புத்தாண்டு. இளைஞர்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று பந்து எறிந்து பிடிப்பார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.