மூணு சென்ட் ஸ்டாம்ப்

கேள்வி: அமெரிக்க செனட்டர் தொகுதி மக்களுக்கு பதில் போட்டா ஸ்டாம்ப் செலவு யாரோடது? – ஒரு வாசகர், கரூர்

பதில்: அவர் ஸ்டாம்பே ஒட்ட வேண்டாம். கவர்ல வலது மூலையில, ஸ்டாம்ப் இருக்க வேண்டிய இடத்துல அவரோட கையெழுத்து அச்சாகியிருக்கும், செலவு அரசு கஜானாவோடது. சொந்த விஷயத்துக்கும் பிரசாரத்துக்கும் அதைத் தொடக்கூடாது. எழுதிப் போடற ஜனங்க மட்டும் ஸ்டாம்ப் ஒட்டணும், 1956ல அது 3 சென்ட்.

கேள்வி: லெட்டர் போட்டே சட்டத்தை மாத்தினாங்கன்னு காலேஜ்ல சொன்னாங்க, நிஜமாவா? – கல்லூரி மாணவி, தேனி

பதில்: நிஜம்தாம்மா, ஆனா எனக்கு அதை நெனச்சா வருத்தம்தான் வரும். 1956ல அலாஸ்கா மனநல மசோதான்னு ஒண்ணு வந்துச்சு. அலாஸ்கா அப்ப மாநிலமே ஆகல, மனநல ஆஸ்பத்திரியும் கிடையாது, ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னா குற்றவாளியைப் பிடிக்கற மாதிரி பிடிச்சு ஆறு பேர் ஜூரி முன்னாடி நிறுத்துவாங்க, டாக்டர் சாட்சி கூட கட்டாயமில்ல, அவங்க ஆமான்னு சொல்லிட்டா போச்சு, ஊரை விட்டு கிளம்பற வரைக்கும் ஜெயில்ல வச்சிருந்து, ரொம்ப தூரம் தள்ளி ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாண்டுல இருந்த மார்னிங்சைடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. குடும்பத்துக்காரங்க போய் பாக்கறது எங்க!

இதை நிறுத்தத்தான் மசோதா. ஆஸ்பத்திரிக்கும் சிகிச்சைக்கும் 1.25 கோடி டாலர், வருமானத்துக்கு 10 லட்சம் ஏக்கர் நிலம், ஆளைச் சேர்க்கறதுக்கு ஒழுங்கான முறை. ஜனவரி 18ல கீழ்சபையில எதிர்ப்பே இல்லாம பாஸாச்சு. ஒரு வாரம் கூட ஆகல, கலிஃபோர்னியாவுல சாண்டா அனா ரெஜிஸ்டர் பேப்பர்ல இதை 'அமெரிக்க சைபீரியா'ன்னு எழுதினாங்க, அந்த 10 லட்சம் ஏக்கர்ல சிறை முகாம் வரப்போகுது, பிடிக்காதவங்களைப் பைத்தியம்னு முத்திரை குத்தி அங்க தள்ளிடுவாங்கன்னு புரளி தீயா பரவுச்சு. மசோதா அடுத்து மேல்சபையான செனட்ல பாஸாகணும், செனட்டருக்கு தொகுதின்னா முழு மாநிலமும் இல்லையா, எல்லா பக்கமிருந்தும் கடுதாசி கொட்டுச்சு. அலாஸ்கா பிரதிநிதி பாப் பார்ட்லெட்டுக்கு எதுக்கு இந்த எதிர்ப்புன்னே புரியல.

செனட்டர் ஹென்றி ஜாக்சன் தலைமையில செனட் துணைக்குழு விசாரணை வச்சாங்க. கடைசியில அரிசோனா செனட்டர் பேரி கோல்ட்வாட்டர், ஆளைச் சேர்க்கற முறை பத்தின பகுதியையே எடுத்துட்டு பணத்தையும் நிலத்தையும் மட்டும் வச்ச வடிவத்தைக் கொண்டு வந்தாரு, ஜூலை 20ல செனட்ல ஒருத்தர் கூட எதிர்க்கல, 28ல ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்து போட்டாரு.

என் மனசை அறுக்கறது இதுதான். இல்லாத ஜெயிலுக்குப் பயந்து எழுதின கடுதாசிங்க, நிஜமாவே ஜெயில்ல கிடந்தவங்களுக்காக எழுதின பகுதியைத்தான் எடுக்க வச்சுச்சு. அதை அலாஸ்காவே பின்னாடி எழுதிக்கட்டும்னு விட்டுட்டாங்க. எழுதினவங்களைத் திட்டவும் மனசு வரல, பயம் உண்மையான பயம்தான், ஆனா போர்ட்லாண்டுல படுத்திருந்தவங்க யாருக்கு கடுதாசி போடுவாங்க, அலாஸ்காவுக்கு அப்ப ஓட்டுப் போடற செனட்டரே கிடையாதே. ஆங்கரேஜ்ல அவங்களுக்குன்னு மனநல ஆஸ்பத்திரி திறந்தது 1962ல.